டாக்டர் கொடுத்த டானிக்

சங்கிலிக்குக் கண் தெரியாது. அவர் மனைவி ராக்காயிக்கு எதுவும் ஞாபகம் நிற்காது. ஆனாலும் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அவர்கள் குடும்பம் ஒழுங்காகத்தான் நடந்தது.

"உப்புப் போட்டாச்சு, இனிப் போடாத" என்பார் அவர்.

"படி இருக்குங்க, பாத்து" என்பாள் அவள்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டில் தோட்டத்தைப் பார்க்க வந்த டாக்டர், இது என்ன மாதம் என்று ராக்காயியிடம் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். அங்கே தன் கட்டில் எதுவென்று தெரியாமல் அவள் நின்று அழுதாள். நோய் முற்றிவிட்டது என்று டானிக் கொடுத்தார்கள்.

லயத்தில் தனியாக இருந்த சங்கிலி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவரையும் அங்கேயே கொண்டுவந்தார்கள். விறாந்தையில் மனைவியின் அழுகுரல் கேட்டதும், "நாந்தான் புள்ள. இங்க வந்து உக்காரு" என்றார். அன்றோடு அவள் அழுகை நின்றது.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "டானிக் நல்லா வேலை செய்யுது. அம்மாவை வீட்டுக்கு அனுப்பலாம். ஐயா இருக்கட்டும்."

"அப்ப நானும் போறேங்க" என்று சங்கிலி பிடிவாதம் பிடித்தார். கட்டுப்போட்ட காலோடு லொறியில் ஏற்றினார்கள்.

"காலுக்கு என்னங்க ஆச்சு?" என்று ராக்காயி கேட்டாள். சொன்னார். அடுத்த வளைவில் மறுபடியும் பதறிக் கேட்டாள். புதிதாகக் கேட்பவளுக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து சொன்னார்.