ஈரம் காயும் திரை

பழனாத்தாள் ஏணியில் ஏறிப் பீச்சாங்குழலை அழுத்தியதும் சினிமாக் கொட்டகையில் சீட்டி பறந்தது. படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. சீட்டியடித்தவர்கள் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் மிஞ்சிய காசோடு வந்து மணலில் உட்கார்ந்திருந்த ஆண்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடியே திரைத் துணியில் தண்ணீர் அடித்தாள்.

விளக்கும் படப்பெட்டியும் திரைக்குப் பின்னால் இருந்தன. துணி நன்றாக நனைந்திருந்தால்தான் வெளிச்சம் ஊடுருவி இந்தப் பக்கம் படம் தெரியும். ஒரு சாண் காய்ந்துவிட்டாலும் படத்தில் ராஜாவுக்கு மூக்கு இருக்காது. பேசாப்படம்தான், ஆனால் பார்க்கிறவர்கள் பேசாமலா இருப்பார்கள்? மலைக் கணவாய் வழியே வரும் காற்றோ பங்குனியில் எதையும் ஈரமாக விட்டுவைக்காது. அதனால் படச்சுருள் மாற்றும்போதெல்லாம் தண்ணீர் அடிக்க வேண்டும். கிணற்றிலிருந்து முப்பது குடமாவது சுமக்க வேண்டும். இதற்கு அவள் புருஷன் கருப்புசாமிக்கு நாளொன்றுக்கு ஆறணா. எட்டு மாதம் நனைந்த துணியோடு நின்று நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இன்று காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியவில்லை.

"நாம்போகாட்டி வேற ஆளப் போட்டுருவாரு புள்ள" என்று பயந்தான்.

"நீங்க படுங்க. இன்னிக்கு நாம்போறனுங்க" என்று கிளம்பி வந்திருந்தாள்.

பெண்பிள்ளையைப் பார்த்ததும் கொட்டகை முதலாளி குப்பண்ணன் முகம் சுளித்தார். முதல் ஆட்டம் முடிந்தபோது அந்தச் சுளிப்பு போன இடம் தெரியவில்லை. அவள் ஒரு பொட்டு இடம்கூடக் காயவிடவில்லை.

"நாளையிலருந்து நீயே வந்துரு. மூணணா தாறேன்."

"அவருக்கு ஆறணா குடுக்கறீங்களே, மொதலாளி?"

"அவன் ஆம்பள. பொம்பளைக்கு எந்தக் காடு தோட்டத்துல முழுக்கூலி குடுக்கறாங்க? நீ வராட்டி மூணணாவுக்கு வேறொருத்தி வருவா. அவன் இனி வேண்டாம்."

பழனாத்தாள் புருஷனின் வேலையைக் காப்பாற்ற வந்து, தன் கையாலேயே அதில் மண்ணைப் போட்டுவிட்டாள். ஒழுங்காகச் செய்ததுதான் குற்றம். வீட்டுக்குப் போய், உங்கள் பிழைப்பைப் பாதிக் கூலிக்கு நானே வாங்கிக்கொண்டேன் என்றா சொல்வது? அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வந்தது கோபம்.

அடுத்த ஆட்டம் தொடங்கியது. முதல் சுருளுக்குத் தண்ணீர் அடித்தாள். இரண்டாவது சுருளுக்கு எழுந்திருக்கவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து குழலை மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் இருந்த ஆபரேட்டர் எதுவும் தெரியாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். முதலில் அரண்மனை மங்கியது, பிறகு குதிரை, கடைசியில் ராணியின் முகம்.

"தண்ணி! தண்ணி அடி!" என்று கூட்டம் எழுந்து நின்றது. சிலர் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.

குப்பண்ணன் வாசலிலிருந்து ஓடிவந்தார். அந்த இரைச்சலில் அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கேஸ் விளக்கின் வெளிச்சத்தில் கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினார். பழனாத்தாள் அசையவில்லை. ஐந்து விரலையும் விரித்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு காட்ட இன்னொரு கையும் வேண்டும். அந்தக் கை வசூல் பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தது.