பிதேலெஸ்

முத்துக்கனி அக்காவுக்கு எங்கள் மேல் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிடுகிற வேதக்காரர்கள் அவன் பக்கம்தான் நிற்பார்கள் என்று தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பேர்ப்பட்டவள்தான் நாற்பத்திரண்டு டிசம்பரில், தந்திக்கம்பி அறுத்ததற்காகப் போலீஸ் தேடிய தன் தம்பி செல்லப்பாண்டியை எங்கள் வீட்டுப் பின்கட்டில் கொண்டுவந்து விட்டாள். அவள் வீட்டைத்தான் போலீஸ் தினமும் குடைகிறதே, வேறு போக்கு? என் வீட்டுக்காரர் அம்புரோஸ் கோயில் பாட்டுக்காரர்களுக்குத் தலைவர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர்.

வந்தவனாவது சும்மா இருந்தானா? அம்புரோஸ் செருப்பு மாட்டினாலே எங்கே போகிறார் என்று கேட்பான். எல்லாம் அக்காள் ஓதினது. "கொஞ்சம் சத்தம் மாறினாலும் சுவரேறிக் குதிச்சிருலே" என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். அவளை மட்டும் சொல்வானேன், மாட்டிக்கொண்டால் எங்களைக் கைகாட்டிவிட்டு இவள் தப்பித்துக்கொள்வாள் என்று நானும் அவளை நம்பாமல்தான் இருந்தேன்.

பாலன் பிறந்த திருநாள் நெருங்கியது. வருஷாவருஷம் பாட்டுப் பழகுவது எங்கள் முற்றத்தில்தான். நிறுத்தினால் தெருவே ஏன் என்று கேட்கும். பங்குச்சாமியார் அந்த வருஷம் தாமே ஒரு லத்தீன் பாட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார். அதில் 'பிதேலெஸ்' என்று ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும். லத்தீன் நாக்கில் ஏறாத எங்கள் திரேஸ்புரத்து ஆட்கள் அதைப் 'பிடிலே' ஆக்கிவிட்டார்கள். அம்புரோஸுக்கோ சத்தம் போதவில்லை. "எல்லாரும் சேர்ந்து! விடாதீங்க!" என்று கையை ஓங்கினார். அத்தனை ஆண்களும் தொண்டை கிழிய, பிடிலே, பிடிலே என்றார்கள்.

பின்கட்டில் இருந்தவன் என்ன நினைப்பான்? பின்சுவரேறிக் குதித்து ஓடினவன், தெருமுனையில் ரோந்து வந்த போலீஸ்காரர்கள் முன்னாலேயே போய் விழுந்தான்.

பாட்டுக்காரர்கள் கலைந்ததும் முத்துக்கனி வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, காட்டிக்கொடுத்த பாவிகளா என்று அடித்தொண்டையில் எங்களைச் சபித்தாள். பிடிலே பிடிலே என்று நாங்கள் கத்தியது அவள் கடைவரைக்கும் கேட்டதாம். அம்புரோஸ்தான் பதில் சொன்னார்.

"அது லத்தீன், அக்கா. விசுவாசமா இருக்கிறவங்களேன்னு பாலன்கிட்ட நம்மளக் கூப்பிடுத வார்த்தை."

பிதேலெஸ், பிடிலே என்று இரண்டையும் அவள் தனக்குள் சொல்லிப்பார்த்தாள். அதற்குள் போலீஸ் ஏட்டு வந்து கதவைத் தட்டினார். நாங்கள்தான் காட்டிக்கொடுத்தோம் என்ற ஆத்திரத்தில் செல்லப்பாண்டி, இத்தனை நாளும் இந்த வீட்டில்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டானாம். உண்மையா என்று ஏட்டு முத்துக்கனியைத்தான் கேட்டார். தொலைந்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் தம்பி பொய் சொல்லுதான். இவங்க கத்துதது தாங்காம நான் சண்டைக்கு வந்தேன். இந்த வேதக்காரங்கள நான் என்னைக்கு நம்பியிருக்கேன்? தெருவுல கேட்டுப்பாருங்க."

ஏட்டு கேட்டார். தெருவே ஆமாம் என்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினார்.

போலீஸிடம் பொய் சொன்னவனை உள்ளே என்ன செய்வார்கள் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். முத்துக்கனி அக்காவுக்கும் தெரியும்.