தேர் முடியட்டும்

காப்புக் கட்டிய மூன்றாம் நாள், காலை ஒன்பது மணிக்குச் சிறைச்சாலை அதிகாரி ஒருவர் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்தார். ஜெயந்தினி அன்று வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவில்லை. மஞ்சள் நீர் தெளித்துத் தங்கள் ஒற்றையறைக் காம்பராவைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த வருஷத் திருவிழாவில் கரகம் எடுப்பது அவள் புருஷன் செல்லசாமி.

அதிகாரி பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் விஷயத்தைச் சொன்னார். கைக்குழந்தையோடு சிறையில் இருக்கும் தாய்மாரைத் தண்டனை முடியுமுன்பே விடுகிறார்கள். பட்டியலில் அவள் தங்கச்சி சர்மிளாவும் இருக்கிறாள். தாயையும் பிள்ளையையும் ஏற்றுக்கொள்வதாக வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட்டால், வெள்ளிக்கிழமை வெளியே வந்துவிடலாம்.

கட்டிக்கொள்கிறேன் என்றவன் கொடுத்த பார்சலைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பிடிபட்டவள் சர்மிளா. அவன் போனவன் போனவன்தான். இரண்டு வருஷத் தண்டனையில் ஐந்து மாதம் கழிந்திருந்தது. பிள்ளை பிறந்து பதினெட்டு நாள்.

ஜெயந்தினி விரல்விட்டு எண்ணினாள். முப்பது கழியாமல் தீட்டுப் போகாது. கரகக்காரன் வீட்டு வாசலில் பிள்ளை பெற்றவள் கால் வைத்தால் தோட்டமே பேசும்.

தேருக்கு இன்னும் பத்து நாள்தான், முடிந்ததும் நாங்களே வந்து கூட்டிவருகிறோம் என்றாள். அதிகாரி சிங்களத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். திகதியைத் தள்ளி எழுதுகிறார் என்று நினைத்து அவள் போட்டாள்.

சாயங்காலம் கோயிலில் செல்லசாமியிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"ஜெயிலுக்குள்ள இருக்கிறவ எங்க ஓடிரப் போறா?"

மழையில்லாமல் தேர் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பழைய சேலை ஒன்றைத் துவைத்துத் தொட்டில் கட்டிவிட்டு, ஜெயந்தினி பஸ் ஏறி அதிகாரியைத் தேடிப் போனாள். அவர் அந்தக் காகிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். இப்போதைக்கு ஏற்க வீட்டாருக்கு விருப்பமில்லை என்று இருந்தது. கீழே அவள் கையெழுத்து. சர்மிளா பெயர் இல்லாமலே பட்டியல் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

கீழ் லயத்து மார்கிரட் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டாள்.

"எங்க காம்பராவுல விட்டிருக்கலாமே புள்ள. எங்களுக்கென்ன காப்பா கட்டியிருக்கு?"

ஜெயந்தினிக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் சிறைக்குப் பார்க்கப் போனாள். பிள்ளையின் அரைக்கென்று கொண்டுபோன கறுப்புக் கயிற்றை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சர்மிளா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளைக்கு அவர்கள் அம்மாவின் சாடை. அந்த வெள்ளிக்கிழமை ஆறு பேர் போனார்களாம். இவளும் விடியற்காலையிலேயே பிள்ளையின் துணிகளைப் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தாளாம். பொழுது சாயும்வரை அவிழ்க்கவில்லையாம்.

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சர்மிளா கேட்டாள்.

"அந்த சார் வந்தன்னைக்கு நீ கொழுந்து பறிக்கப் போயிட்டியாக்கா?"