மகாராணி வாய் வைக்காத தொட்டி

வெயில் மண்டையைப் பிளந்தது. மகாராணி என்ற இளம் பெண்குதிரை இரண்டு நாளாகத் தொட்டியில் வாய் வைக்கவில்லை. கிட்டே போவாள், மூக்கை நீட்டுவாள், தண்ணீர் பட்டதும் துள்ளி விலகுவாள். வாளியில் மொண்டு கொடுத்தால் மட்டும் மடமடவென்று குடித்தாள். அதுவும் அதே தொட்டித் தண்ணீர்தான்! இது என்ன கூத்து என்று லாயக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கொழுப்பும்மா, வேற ஒண்ணுமில்ல," என்றார் முதலாளி. "குட்டையன் அதே தொட்டியிலதானே குடிக்கிறான்?"

குட்டையன் என்பது கூட இருந்த மட்டக்குதிரை. முகமெல்லாம் சொட்டச் சொட்ட, ஒன்றும் அறியாதவன் போல நின்றான்.

"வாளியில குடிக்கிறாளே, முதலாளி."

"நாள் முழுக்க வாளி தூக்க உனக்கென்ன பத்துக் கையா இருக்கு? ஒரு நாள் அசந்தா சுருண்டு விழுந்துடுவா. இவளை ஏத்திட்டுப் போக நாலு மணிக்கு லாரி வருது. அப்புறம் வாங்கறவன் பாடு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார் மனுஷன். மகாராணி பிறந்தபோது ஈரம் துடைத்துவிட்டவள் லாயக்காரி. நேரே தொட்டிக்குப் போனாள்.

தொட்டியில் கைவிட்டுத் துழாவினாள், குடித்தும் பார்த்தாள். நல்ல தண்ணீர். இரும்புத் தொட்டி. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று முதலாளி ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட மோட்டார் உள்ளே உறுமியது. அப்படியென்றால் இவளுக்கு மட்டும் என்னதான் வந்தது? குந்தி உட்கார்ந்து இரண்டு குதிரைகளின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குட்டையனுக்கு வெறும் குளம்பு. மகாராணிக்கு இரும்பு லாடம், முதல் முறையாக, முந்தாநாள் காலையில்தான் அடித்தது. அதற்கு முன்னால் இதே தொட்டியில் குடித்தவள்தானே! லாயக்காரி தன் காலைப் பார்த்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

"அடியாத்தி!"

பூட்ஸைக் கழற்றி எறிந்தாள். ஈரச் சிமெண்டில் வெறுங்காலுடன் நின்று, ஒற்றை விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டாள். சுரீரென்றது.

முதலாளியைக் கூட்டி வந்து சொன்னாள். அவர் நம்பவில்லை. "புது மோட்டார்ல கரண்ட் கசியுதா? யார்கிட்ட கதை விடுற?"

"ஷூவைக் கழட்டிட்டு விரல் நுனியால தொடுங்க."

தொட்டார். "ஐயையோ!" என்று துள்ளி விலகினார். மகாராணி துள்ளிய அதே துள்ளல். லாயக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பிளக்கைப் பிடுங்கினார்கள். ஆனால் மகாராணி நகரவில்லை. பிளக்கைப் பிடுங்கியது அவளுக்கு எப்படித் தெரியும்? வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

லாயக்காரி வெறுங்காலுடன் நின்று இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள். "வாடி என் தங்கம். ஒண்ணும் பண்ணாது." முதலாளியும் வந்து பக்கத்தில் கையை விட்டார்.

மகாராணி ஒவ்வொரு அடியாக வந்தாள். முதலில் முதலாளியின் கையை மோந்து பார்த்தாள். பிறகு மூக்கைத் தண்ணீரில் வைத்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவள் காதுகள் முன்னும் பின்னும் அசைந்தன.

"வண்டியைத் திருப்புப்பா, இவ எங்கேயும் வரலை!" என்று முதலாளி வாசல் பக்கம் கத்தினார். கையை மட்டும் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.