இடுப்பை விட்டு இறங்காதவள்

வசந்தாவின் தலைமுடியைக் கையில் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினான் அவள் புருஷன் செம்மல். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. பட்டப்பகலிலேயே குடித்துவிட்டு வந்திருந்தான் பாவி. வசந்தாவின் தம்பி வீடு மூன்று வீடு தள்ளித்தான். ஆனால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி அலறலில் இவள் கூச்சல் அங்கே எட்டாது.

"இனியா! ஓடிப் போயி மாமாவக் கூட்டியாடீ!"

ஓடச் சொன்னது கால் வராத பிள்ளையை. ஒன்பது வயதாகியும் கையூன்றித் தவழத்தான் முடியும். "தூக்கிக்கினே திரியாதக்கா. அதுவா தவழ்ந்து போனாத்தான் எந்த எடம் எங்கன்னு அதுக்குப் புடிபடும்" என்று இனியாவுக்குப் பயிற்சி கொடுக்கும் வினோதா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "எம்புள்ள தெரு மண்ணுல பொரளணுமா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டு, வீராம்பட்டினம் முழுக்க மகளை இடுப்பிலேயே சுமந்தவள் வசந்தா.

செம்மல் மறுபடி அவளைச் சுவரில் மோதினான். பல் ஒன்று தெறித்தது. திறந்த கதவு வழியாக இனியா படியில் உருண்டு, முழங்கை தேயத் தெருவில் விழுந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். தினம் இரண்டு வேளை அம்மா இடுப்பில் போய்வந்த வீடு.

"அம்மா," என்று திரும்பிக் கதறினாள், "மாமா வீடு எந்தப் பக்கம்மா?"