பொதி கட்டின மோட்டார் சைக்கிள்

எனக்குக் கோவம் சட்டுனு வருமுங்க, மறைக்க மாட்டேன். ஆனா எங்கூட்டுக்காரரு மாதிரி ஒரு மனுசன இந்தப் பரமத்தி வேலூருக்குள்ள காட்டுங்க பாக்கலாம். கொடிக்கால்ல வெத்தல கிள்ளி, கூடை கட்டி, ரயிலுக்கு அனுப்பறது எல்லாரும் பண்றதுதான். அந்தக் கூடை எங்க போவுது, அங்க யாரு மெல்லறாங்கன்னு ஒருத்தராச்சும் யோசிச்சிருக்காங்களா? இவிங்க யோசிச்சாங்க. பொம்பாய் வரைக்கும் தனியாப் போயிப் பாத்துட்டு வாரேன்னு கெளம்பியும் போட்டாங்க.

மேட்டூர் அணை கட்டி முடிச்சதுக்கு மறு வருசம் அது. ஏர்க்காட்டுத் தோட்டத்துத் துரை ஒருத்தரு சீமைக்குப் போறப்ப வித்த மோட்டார் சைக்கிளு எங்கூட்டு வாசல்ல நின்னுது. ரயில்ல போனா ஆகாதுங்களான்னு கேட்டேன். ரயிலு நிக்காத ஊரையெல்லாம் யாரு பாக்கறதுன்னாங்க. வழியில மரத்தடியில டேரா போட்டுப் படுத்துக்குவாங்களாம், தானே பொங்கித் திம்பாங்களாம். அதுவரைக்கும் அடுப்புப் பக்கம் எட்டிப் பாத்த ஆளில்லீங்க.

எங்கூட்டுல பெரியவரு மச்சாண்டாரு, இவிங்களுக்கு அண்ணன். அவரு சொல்லத் தட்டி இவிங்க ஒரு காரியமும் பண்ணதில்ல. அவரு ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டாரு. மூட்டை முடிச்செல்லாம் கட்டிக்கிட்டு பரமத்திக்குப் போயித் திரும்போணும். வுழாம வந்தா பொம்பாய்க்குப் போலாம், வுழுந்தா வண்டிய வித்துப்போடோணும்.

இவிங்க பாரம் ஏத்துன மாட்டுவண்டி ஒருநாளும் குடை சாஞ்சதில்ல. பின்பாரம் ஏறுனா நுகத்தடி மேல தூக்கி மாட்டுக் கழுத்த நெரிக்கும்னு எப்பவும் முன்னாலயே ஏத்துவாங்க. பழகுன கை சும்மா இருக்குமா? டேராத் துணி, கயித்துக்கட்டிலு, அண்டா, லாந்தரு, கம்பு மாவு, போதாக்கொறைக்கு ஒரு சின்ன அம்மிக்கல்லு, அம்புட்டையும் கைப்பிடி மேலயும் வெளக்கு மேலயும் கட்டுனாங்க. அம்மி எதுக்குங்கன்னு கேட்டதுக்கு, தொவையலுக்குன்னாங்க.

எங்கூட்டு வாசல்லருந்தே தெரியற ராஜவாய்க்கால் பாலத்துத் திருப்பத்துல கைப்பிடி திரும்பவே இல்ல. வண்டி நேராப் போயி வாய்க்கால்ல எறங்கிருச்சு. மச்சாண்டாரு கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. "நாச்சிமுத்து, போதும். வண்டிய வாங்க ஆளு வரச் சொல்றேன்" அப்படின்னாரு. இவிங்க சொட்டச் சொட்ட தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு வண்டியக் கரையேத்துனாங்க. அந்தத் தலை குனிஞ்சு நான் பாத்ததே இல்லீங்க.

மத்தியானம் சோறு வேண்டாம்னுட்டு வண்டியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அந்நேரம் உப்புக்காரன் மாட்ட ஓட்டிக்கிட்டு எங்க வாசலத் தாண்டிப் போனான். மாட்டு முதுகுல ரெண்டு பக்கமும் சமமா ரெண்டு பொதி தொங்குச்சு. இவிங்க எந்திரிச்சு மோட்டாரு மேல கைய வெச்சாங்க.

"செல்லாயி, இது மாட்டுவண்டியில்ல. பொதிமாடு."

பொறவு பாக்கோணுமே அந்தக் கைவேலைய! டேராத் துணியப் பாதியா வெட்டுனாங்க, அதுக்கு முட்டுக் குடுக்க ரெண்டு அகத்திக் கம்பு. கட்டிலும் அம்மியும் வூட்டுக்குள்ள போயிருச்சு. அண்டாவுக்குப் பதிலா ஒரு தூக்குப்போசி. கோணிய வெட்டி ரெண்டு பை தெச்சு, தூக்கித் தூக்கிப் பாத்து சமம் பண்ணி, பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் தொங்கவுட்டாங்க. வாய்க்கால்ல வுழுந்த அன்னிக்கே இப்படி எந்திரிக்க எத்தன பேரால முடியும், சொல்லுங்க.

ஆனா மச்சாண்டாரு அசையல. சொன்ன சொல்லு ஒண்ணுதான்னாரு. கல்யாணமாயி வந்ததுலருந்து அவரு முன்னால நான் நின்னதில்ல, பேசுனதில்ல, எங்க பக்கம் மொறை அப்படி. அன்னிக்கு நடு வாசலுக்கு வந்துட்டேன்.

"இன்னொருக்காப் போயிட்டு வரட்டுமுங்க. பின்னால நான் உக்காந்துக்கறேன். வுழுந்தா ரெண்டு பேரும் வுழறோம்."

அவரு திகைச்சுப் போயி வீதிப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. வேண்டாம்னு சொல்லலையே, எனக்கு அது போதும்.

ரெண்டு பைக்கும் நடுவுல ஏறி உக்காந்தேன். ஊரே வாயப் பொளந்து பாத்துச்சு, பாக்கட்டும். பாலத்துத் திருப்பம் வந்தப்ப கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். வண்டி மெதுவாச் சாஞ்சு, சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்புச்சு. அங்கிருந்து பரமத்தி வரைக்கும் கண்ண மூடவே இல்லீங்க. அந்தக் காத்து, ரெண்டு பக்கமும் ஓடற கரும்புக்காடு! வூடு திரும்பறப்ப எறங்கவே மனசில்ல. மச்சாண்டாரு வண்டியச் சுத்தி வந்து பைய அமுக்கிப் பாத்தாரு. வெள்ளிக்கெழம நல்ல நாளுன்னு சொல்லிட்டுப் போனாரு.

வெள்ளிக்கெழம எல்லாத்தையும் கட்டிப்போட்டு, படுக்கைச் சுருட்ட மட்டும் கையில வெச்சுக்கிட்டு நின்னாங்க. பைகளுக்கு நடுவுல எடம் காலியாக் கெடந்துச்சு. அங்க கட்டுங்கன்னேன்.

"அது நீ உக்காந்த எடம்" அப்படின்னாங்க.

எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. காலி எடத்தச் சொமந்துக்கிட்டுப் போனா ராத்திரி எதுல படுக்கறதாம்? சுருட்டப் புடுங்கி, வெத்தலக் கூடைக்குப் போடற முடிச்சுப் போட்டு, அந்த எடத்துலயே இறுக்கிக் கட்டுனேன்.

"இந்தத் தடவ இது வரட்டும். அடுத்த தடவ நான் வாரேன்" அப்படின்னேன்.

சிரிச்சுக்கிட்டே வண்டியக் கெளப்புனாங்க. பாலத்துத் திருப்பத்துல அது சாஞ்சு திரும்பறப்ப, வாசல்ல நின்ன நானும் என்னையறியாம அந்தப் பக்கமாச் சாஞ்சிருக்கேன்.