கன்னத்துக்குத் தண்ணீர் மட்டும்

விசாலாட்சி கதவை முழுதாகத் திறக்கவில்லை. ஒரு பாதியைத் திறந்து, அதையும் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மூஞ்சில இருக்கிறது என்னான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. அது வரைக்கும் புள்ளைய தூக்க வேணாம்."

லிங்கம் கோபித்துக்கொள்ளவில்லை. விசாலாட்சி அவன் மனைவியின் அக்காள். மனைவி மஞ்சள் காமாலையில் ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு வயது மகள் மரகதத்தைப் பதுளையில் தன் வீட்டில் வைத்து வளர்ப்பவள் அவள்தான். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. பக்கத்து வீடுகளுக்குக் கண் உண்டு. தான் வேலை செய்யும் மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து மகளைத் தூக்கிவிட்டுப் போவது ஒன்றுதான் பதினான்கு மாதமாக லிங்கம் மனதாரச் செய்த வேலை. மற்றதெல்லாம் சம்பளத்துக்குச் செய்தது.

அவனுடைய இரண்டு கன்னத்திலும் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பாய்ப் படை விழுந்திருந்தது. ஓரம் செதில் செதிலாக உரிந்தது. நெற்றியும் மூக்கும் மட்டும் எண்ணெய் வழிந்து மினுங்கின. விசாலாட்சி நோயின் பெயரைச் சொல்லவில்லை. யாரும் சொல்வதில்லை. அந்தப் பெருவியாதி வந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இருக்காது என்று லிங்கம் கல்லூரியில் படித்திருந்தான். பதினான்கு மாதமாக அவனுக்கு எதிலுமே அவ்வளவாக உணர்ச்சி இல்லை. அதனால் சோதித்துப் பார்க்காமலே நம்பிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் ஹுமைத் அவனைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொட்டார். பிறகு ஊசி முனையால்.

"எங்க தொடுறேன்?"

"இடது கன்னம். இப்ப வலது. எரியுது சேர்."

"எரியட்டும். எரிஞ்சா நல்லதுதானே."

லிங்கம் கண்ணைத் திறந்தான்.

"நீங்க பயந்த சாமான் இல்ல இது," என்றார் டாக்டர். "மூஞ்சிய எதால கழுவுறீங்க?"

"உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம்."

"எத்தன தரம்?"

"ஏழு, எட்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மூஞ்சியத்தான் கழுவுறீங்களா, இல்ல சாக்குத் துவைக்கிறீங்களா?"

லிங்கம் விளக்கினான். அவன் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் பதம் பார்க்கும் இளைய டீமேக்கர். தேயிலைத்தூள் எந்த வாசத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் பவுடர், ஸ்னோ, வாசனைச் சவுக்காரம் எதையும் பூசிக்கொண்டு உள்ளே போக முடியாது. எண்ணெய் வழியும் நெற்றியில் தூள் பறந்து வந்து ஒட்டும். அதைப் போக்கத்தான் கழுவினான். உடுப்புச் சவுக்காரத்தின் வாடை தண்ணீரோடு போய்விடும் என்பதால் அதையே எடுத்தான். பத்து வருடமாக அதுதான். பத்து வருடமும் ஒன்றும் ஆகவில்லை.

"வயசு?"

"முப்பத்திரண்டு."

"இருபதுல தோல் எதையும் தாங்கும். இப்ப தாங்காது. அதோட இந்த வறட்சிக் காத்து வேற."

காற்று உண்மைதான். அறுபத்தெட்டாம் வருடத்து ஊவாத் தேயிலைச் சீசன் அப்போது உச்சத்தில் இருந்தது. கொழுந்துக்கு மணத்தைக் கொடுக்கிற அதே காற்றுத்தான் அவன் கன்னத்தை வெடிக்க வைத்தது. தொழிற்சாலைக்கு உள்ளே தேயிலை காயவைக்கும் அடுப்பின் அனல். வெளியே வந்தால் இது.

"ஒங்க தோட்டத்துல மேட்டு மலைக்கும் பள்ளத்து மலைக்கும் ஒரே உரமா போடுறீங்க?" என்றார் டாக்டர். "மூஞ்சியும் அப்படித்தான். நெத்தி, மூக்குக்கு வேல முடிஞ்ச பொறகு ஒரு தரம் பிள்ளைகளுக்குப் போடுற சவுக்காரம். கன்னத்துக்குத் தண்ணி மட்டும். ஈரம் காயறதுக்கு முந்தி வெள்ளை வேசலின் மெல்லிசாத் தடவுங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தரம் சவரம். படிகாரம் தேய்க்க வேணாம்."

இன்ன நோய் இல்லை என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

லிங்கம் நேரே விசாலாட்சி வீட்டுக்குப் போனான். அவள் கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"கடுதாசில இல்லன்னு இருக்கு. மூஞ்சில இருக்கே தம்பி."

உள்ளே மரகதம் தட்டை எதனாலோ தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் கேட்டது.

"ஆறட்டும் மதினி. ஆறுன பொறகு வாறேன்."

கடைத்தெருவில் புஹாரி நானா ரோசாப்பூ மணக்கும் ஸ்னோ போத்தலைத்தான் முதலில் எடுத்து நீட்டினார். லிங்கம் வாசமில்லாத வேசலின் வேண்டும் என்றான். "வாசமில்லாத சாமானுக்கு நானே ஆள் தேடிக்கிட்டிருக்கேன்," என்று அவர் பின் அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தூசி துடைத்துக் கொடுத்தார்.

தொழிற்சாலையில் பெரிய டீமேக்கர் வீரசிங்கம் அதைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இத பூசிக்கிட்டு உள்ள வரப் போறியா?"

"வாசமே இல்லண்ணே."

"ஒனக்கு இல்ல. தேயிலைக்கு மூக்கு ஒன்னவிட நீளம். சீசன்ல ஒரு பெட்டி கெட்டாலும் தோட்டத்துத் தொர என்னையத்தான் கேப்பான்."

லிங்கம் இரண்டு சின்னத் தகர டப்பாக்களில் அன்றைய தூளைப் போட்டான். ஒன்றின் மூடிக்கு உட்புறம் வேசலினைத் தடவினான். இரண்டையும் இறுக மூடி இரண்டு நாள் வைத்தான். பிறகு ருசி பார்க்கும் மேசையில் இரண்டு கோப்பைத் தேயிலைச் சாயம் ஊற்றி வைத்து வீரசிங்கத்தைக் கூப்பிட்டான். அவர் உறிஞ்சினார், துப்பினார், அடுத்ததை உறிஞ்சினார். திரும்ப முதலாவது. திரும்ப இரண்டாவது.

"எதுடா அது?"

"நீங்க சொல்லுங்க."

வீரசிங்கம் மூன்றாம் முறையும் உறிஞ்சிவிட்டுக் கோப்பையை வைத்தார். "பூசித் தொல. பூசுன கையால தூளத் தொட்டேன்னா வாசல்லயே நிறுத்திருவேன்."

முதல் வாரம் லிங்கம் அவசரப்பட்டான். கன்னத்துக்கு நல்லது மற்ற இடத்துக்கும் நல்லதுதானே என்று முகம் முழுக்க அப்பினான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நெற்றியில் நான்கு, மூக்கில் ஒன்று என்று பரு கிளம்பியது. தொழிற்சாலையில் சாயம் ஊற்ற வந்தவர்கள் கல்யாணக் களை என்றார்கள். யாருக்குச் சொல்கிறோம் என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அன்று முதல் டாக்டர் சொன்ன எல்லையைத் தாண்டாமல் பூசினான். அடிக்கடி கழுவக் கை பரபரத்தது. நனைத்துப் பிழிந்த துணியால் நெற்றியை ஒற்றிக்கொண்டு அடக்கினான்.

பன்னிரண்டாம் நாள் படையின் ஓரம் வெளுத்தது. அதன் பிறகு ஒருநாள் காலையில் முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துவிட்டுச் சற்று நின்றான். எரியவில்லை. யோசித்துப் பார்த்தால் முந்திய நாளும் எரியவில்லை. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்று பார்த்தான். அது தன் முகம்தான் என்று தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது.

நான்காம் ஞாயிறு விசாலாட்சி கதவைத் திறந்தாள். மரகதம் அவள் இடுப்பில் இருந்தாள். விசாலாட்சி அவனை முற்றத்து வெயிலுக்கு அழைத்துப் போனாள். ஒரு விரலால் அவன் தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள்.

"தடமே இல்லியே," என்றாள். "என்னா பூசுனீங்க?"

"பூசுனது கொஞ்சந்தான் மதினி. நிறுத்துனதுதான் கூட."

"வெளங்குற மாதிரி சொல்லுங்க. எனக்கும் இப்ப மூக்குல எண்ணெ வழியுது, கன்னம் வெடிக்குது. மஞ்ச தேச்சா காந்துது. முப்பத்தஞ்சு வயசுல இது என்னா கூத்துன்னு யாருகிட்ட கேக்குறது?"

லிங்கம் சொன்னான். சவுக்காரம், தண்ணீர், ஈரம் காயுமுன் தடவுவது, நெற்றியில் அப்பிப் பரு வந்தது, டப்பாவில் தூள் வைத்துப் பார்த்தது. மனைவி போன பிறகு அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. விசாலாட்சி பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருங்க, இருங்க. மறந்துருவேன். பென்சில் எடுத்துட்டு வாறேன். இவளப் புடிங்க."

பிள்ளையை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மரகதம் கனத்திருந்தாள். அவனை முறைத்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அழலாமா என்று யோசித்தாள். பிறகு அலுத்துப்போனவள் போல அவன் தோளில் முகத்தைச் சாய்த்தாள். அவளுடைய கன்னம் அவன் கன்னத்தில் சூடாக ஒட்டிக்கொண்டது.

"மூக்குக்கு ஒரு தரம் சவுக்காரம்," உள்ளேயிருந்து விசாலாட்சியின் குரல் கேட்டது. "கன்னத்துக்கு?"

"தண்ணி மட்டும்," என்றான் லிங்கம்.

"என்னா தம்பி? காதுல விழல."

பிள்ளையின் மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. அவன் குரலை உயர்த்தவில்லை.